கல்யாணமான ஒற்றர்களின் காதல் கதை: எதைப் படிக்கலாம், எதை விடலாம்?

மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மண்டிக்கு அனுப்பிவிட்டால் கோபிசெட்டிபாளையம் பக்கத்து வீடுகளில் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். என் நங்கையாவுக்கு, அதாவது அண்ணிக்கு, அந்த நேரம் முழுக்கப் புத்தகத்துக்கு. சாண்டில்யனை நூலகத்து பைண்டிங்கிலேயே கரைத்துக் குடித்தவர். இந்த வருஷம், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, "இங்கிலீஷ்ல ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ் படிச்சுப் பாரும்மா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஸ்பை" என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நங்கையா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, அதெல்லாம் உக்காந்து படிக்கறதுக்கு ஆகுமா? இல்ல பொன்னியின் செல்வனையே இன்னொருக்கா எடுத்துக்கட்டுமா?"

ஆகும் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. கல்யாணமான ஒற்றர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற கதைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நங்கையாவின் முன்னால் இருந்தவை நான்கு: 1905-இல் வந்த 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்', 2002-இல் வந்த 'டாட்டர் ஆஃப் த கேம்', நம் பொன்னியின் செல்வன் மறுபடியும் ஒரு சுற்று, அல்லது விட்டுப்போன ஒரு சாண்டில்யன்.

முதலில், இந்த வகைக் கதையில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வழக்கமான காதல் நாவல் கல்யாணத்தோடு முடிந்துவிடும். நாயகனும் நாயகியும் சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரியும். எப்படிச் சேர்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் நாம் படிக்கிறோம். கல்யாணமான ஒற்றர் கதை அந்தக் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. சேர்ந்தாயிற்று, குழந்தையும் பிறந்தாயிற்று. பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் யாரென்று இப்போதுதான் தெரிகிறது. இனி என்ன செய்வது?

'என்ன செய்வது' என்பது அந்தக் காலத்தில் லேசான கேள்வி இல்லை. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789-க்கும் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் நடந்த 1815-க்கும் இடைப்பட்ட காலத்திலோ, அதை ஒட்டிய சில வருஷங்களிலோ நடப்பவை. அப்போது இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றியாக வேண்டும். பெரும் பணக்காரர்களுக்குத்தான் அது முடியும். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கும் வழி 1857-இல்தான் வந்தது. மனைவியின் சம்பாத்தியமும் நகையும் பணமும் கணவனுடையவை. இது முழுசாக மாறியது 1882-இல். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிரிந்துபோன தாய் தன் சின்னக் குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கவே 1839 வரை சட்டம் வழி விடவில்லை. குழந்தை அப்பனுக்குச் சொந்தம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு மனைவி எதிரி நாட்டு ஒற்றர் என்று கணவனுக்குத் தெரியவந்தால், அவளுக்குத் தூக்குமேடை ஒரு பக்கம், பிள்ளைகளை இழப்பது மறுபக்கம். கணவனுக்கோ, தன் நாட்டைக் காட்டிக்கொடுப்பதா, பெண்டாட்டியைக் காட்டிக்கொடுப்பதா என்ற நிலை. ஒற்றர் கதைக்கு வேண்டிய பயமும் காதல் கதைக்கு வேண்டிய தவிப்பும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. இதனால்தான் எனக்கு இந்த வகை பிடிக்கும். வெளியே எத்தனை துரத்தல் நடந்தாலும், ராத்திரி இருவரும் அதே அறைக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்த்துக்கொள் என்று அதில் அரசனுக்குச் சொல்லியிருக்கிறது. ராஜாங்கத்துக்குப் பொருந்தும். வீட்டுக்குள் அதைச் செய்தால் குடும்பம் மிஞ்சாது. கணவன் சொன்னது நிஜமா என்று மனைவி ஆள் வைத்துப் பார்த்துவிட்டால், சேதி நிஜமாகவே இருந்தாலும் உறவு போயிற்று. நல்ல கதைகள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

"இதெல்லாம் நடக்கற காரியமா?" என்று நங்கையா கேட்டார். நடந்திருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் தளபதியாக இருந்த பெனடிக்ட் ஆர்னால்டு 1779 ஏப்ரலில் பெக்கி ஷிப்பன் என்ற 18 வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் பக்கத்தோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. பார்வைக்குப் பெக்கி எழுதிய சாதாரணக் கடிதம். அதன் வரிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மையில் கணவரின் சங்கேத எழுத்து. அப்படி ஒரு தாள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மறைந்திருந்த வரிகளை வெளிக்கொண்டு வந்த பிறகு, அவளுடைய எழுத்தும் அவருடைய எழுத்தும் மாறி மாறி ஓடுவதைப் படத்தில் பார்க்கலாம். ஒரு கல்யாணத்தையே ஒரு தாளில் பார்த்த மாதிரி இருக்கும். 1780 செப்டம்பரில் சதி வெளிப்பட்டதும் ஆர்னால்டு தப்பி ஓடினார். பெக்கி கைக்குழந்தையோடு படுக்கையில் கிடந்து, புத்தி பேதலித்தவள் போலக் கதறினாள். வாஷிங்டன் உட்பட அங்கிருந்தவர்கள் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பி அனுப்பிவைத்தார்கள். பிரிட்டிஷ் தளபதி கிளின்டனின் காகிதக் கட்டுகள் 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கும் பங்கு இருந்தது தெளிவாயிற்று. நாவலாசிரியர் கற்பனை செய்து எழுதினால் நம்ப மாட்டோம்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' பரோனஸ் ஆர்க்ஸி எழுதியது. முதலில் நாடகமாக மேடையேறி, 1905-இல் நாவலாக வந்தது. கதை நடப்பது 1792-இல். பாரிஸில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவிக்குப் போகவிருக்கும் பிரபுக்களை ஓர் ஆங்கிலேயன் மாறுவேடத்தில் கடத்திக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. லண்டனில் சர் பெர்சி பிளேக்னி என்றொரு பணக்காரர், உடையைத் தவிர வேறெதையும் யோசிக்காத அசடாக எல்லோராலும் பேசப்படுகிறார். அவர் மனைவி மார்கரீட் பாரிஸில் பேர்பெற்ற நடிகையாக இருந்தவள், கெட்டிக்காரி. பிரெஞ்சு அரசின் ஆள் ஷோவ்லான் அவள் அண்ணனின் உயிரைப் பணயமாக வைத்து, அந்த மர்ம மனிதனைக் கண்டுபிடித்துக் கொடு என்று அவளை மிரட்டுகிறான். தான் வேட்டையாடுவது சொந்தக் கணவனைத்தான் என்று தெரியாமலே அவள் துப்பு கொடுக்கிறாள்.

கணவன் யாரென்பதை இங்கே சொன்னது ரகசியத்தை உடைத்ததாகாது. நூறு வருஷமாக ஊருக்கே தெரிந்த சங்கதி. தெரிந்து படித்தாலும் சுவை குறையவில்லை என்பதுதான் இந்தக் கதையின் பலம். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். நடன விருந்து முடிந்து விடியற்காலையில் ரிச்மண்ட் மாளிகை வாசலில் கணவனும் மனைவியும் தனியாக நிற்கிறார்கள். கல்யாணமான மறுநாளே இருவருக்கும் இடையே விழுந்த விரிசல் இன்னும் ஆறவில்லை. அவள் மனம்விட்டுப் பேசப் பார்க்கிறாள். அவன் மரியாதையாக, விறைப்பாக, வேற்று ஆளிடம் பேசுவது போலப் பதில் சொல்கிறான். அவள் உள்ளே போன பிறகு, யாரும் பார்க்காத அந்த இருட்டில், அவள் கால் பட்ட படிகளை அவன் குனிந்து ஒவ்வொன்றாக முத்தமிடுகிறான். படிக்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பழைய பாணி, மிகை உணர்ச்சி, எல்லாம் சரிதான். ஆனால் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டாமல் கீழே வைக்க முடியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இதில் மார்கரீட் தானாக ஒற்றுவேலைக்கு வந்தவள் இல்லை, மிரட்டிச் செய்யவைக்கப்படுகிறவள். ஆரம்பத்தில் 'ஐரோப்பாவிலேயே புத்திசாலிப் பெண்' என்று தூக்கிவைக்கப்பட்டவள், பிற்பாதியில் கணவனைத் தேடி அலைந்து, ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்டு, கடைசியில் மயங்கி விழுவதோடு சரி. கெட்டிக்காரத்தனம் எல்லாம் அவன் பக்கம் போய்விடுகிறது. அப்புறம் புரட்சியைப் பற்றிய பார்வை. பாரிஸ் ஏழைகள் இதில் ரத்தவெறி பிடித்த கூட்டம், பிரபுக்கள் பாவப்பட்ட நல்லவர்கள். பல தலைமுறையாக மிராசுகளுக்கு வாரம் அளந்த குடும்பத்தில் வந்த எவருக்கும் இது தொண்டையில் இறங்காது. முடிவுப் பகுதியில் யூதர் ஒருவரைச் சித்திரித்திருக்கும் விதம் அருவருப்பானது. மாறுவேடம்தான் என்றாலும், அந்த வேடத்தை எழுதியிருக்கும் தோரணையில் வெறுப்பு வழிகிறது. படிக்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கையில் எடுக்கட்டும்.

இதன் வசதி, காப்புரிமை முடிந்த புத்தகம் என்பதால் கூட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 31 சின்னச் சின்ன அத்தியாயங்கள். மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போனால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆங்கிலம் கொஞ்சம் பழையது, வாக்கியங்கள் நீளம். டேப்லெட்டில் சொல்லைத் தொட்டால் அர்த்தம் வருகிற வசதி இருப்பதால் நங்கையா மாதிரி மெதுவாகப் படிக்கிறவர்களுக்கும் பயமில்லை.

நங்கையாவின் மகள் சொல்லிவிட்டுப் போனது அடுத்த புத்தகத்தைத்தான். ட்ரேசி கிராண்ட் எழுதிய 'டாட்டர் ஆஃப் த கேம்'. நான்கில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

1819, லண்டன். நெப்போலியன் தோற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. சார்லஸ் ஃபிரேசர் பெரிய குடும்பத்துப் பிள்ளை; போர்க்காலத்தில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பிரிட்டனுக்காக உளவு வேலை பார்த்தவர். மனைவி மெலனி அங்கே போர் நடுவில் அவருக்குக் கிடைத்தவள். பிள்ளைகளோடு நிம்மதியான குடித்தனம். ஒரு ராத்திரி அவர்கள் மகனை யாரோ தூக்கிப் போய்விடுகிறார்கள். ஸ்பெயின் நாட்டுப் பழைய மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பிள்ளை கிடைப்பான் என்று சேதி வருகிறது. மோதிரம் எங்கே என்று தேடப் புறப்படும்போதே இன்னொன்றும் வெளியே வந்துவிடுகிறது: மெலனி பிரெஞ்சுக்காரர்களின் ஒற்றர். சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டதே அவர் கையில் வரும் சேதிகளுக்காகத்தான்.

இதுவும் தொடக்கப் பகுதியிலேயே தெரிந்துவிடும், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பெரும்பாலான எழுத்தாளர்கள் இப்படி ஒரு குண்டைக் கடைசி அத்தியாயத்துக்கு எடுத்துவைத்திருப்பார்கள். இவர் முதலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் நடப்பதைத்தான் எழுதுகிறார். பிள்ளையைத் தேட வேண்டும், நேரம் இல்லை, சண்டை போட்டுப் பிரிந்துபோகக்கூட அவகாசம் இல்லை. இருவரும் ஒரே வண்டியில் ஏறி லண்டன் முழுக்க அலைகிறார்கள். ஆளுக்கொரு திறமை, இருவருக்கும் தேர்ந்த பயிற்சி. ஒருவர் பொய் சொன்னால் மற்றவர் அந்தப் பொய்யை நொடியில் தாங்கிப் பிடிக்கிறார், அத்தனை பழக்கம். அந்தப் பழக்கமே இப்போது சார்லஸுக்கு வலிக்கிறது. இவள் இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்வாள் என்றால், இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதில் எது நிஜம்?

இந்த இடத்தில்தான் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. மெலனியை எழுத்தாளர் கெட்டவளாகவும் காட்டவில்லை, கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிற பத்தினியாகவும் காட்டவில்லை. அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி கொண்டுவந்த சமத்துவத்தில் நம்பிக்கை வைத்து வேலை செய்தவள். அதே சமயம் கணவனையும் நேசித்தாள். இரண்டும் நிஜம். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தாய் என்று அவர் கேட்கும்போது, அவளிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. சார்லஸும் சுத்தமானவர் இல்லை. அவரும் தன் நாட்டுக்காகப் பொய் சொன்னவர், மற்றவர் கடிதத்தைப் பிரித்தவர். ஆண் செய்தால் நாட்டுப்பற்று, பெண்டாட்டி செய்தால் துரோகமா என்ற கேள்வியைக் கதை யாரையும் விட்டு வாய்விட்டுச் சொல்லவைக்காமலே கேட்டுவிடுகிறது. பிம்பர்னெலில் இல்லாதது இதுதான்.

சிரமங்கள் உண்டு. பெயர்கள் ஏராளம். ஸ்பெயின் போர் 1808-இலிருந்து 1814 வரை எப்படிப் போயிற்று, யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் ஆரம்பத்தில் தலை சுற்றும். நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயின் அரியணையில் உட்காரவைத்தான். ஸ்பானியர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வெல்லிங்டன் தலைமையில் பிரிட்டிஷ் படை போர்ச்சுகல் வழியாக வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது. ஸ்பானியர்களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், கதை தன்னால் இழுத்துக்கொண்டு போகும்.

இதே எழுத்தாளர் பின்னால் எழுதிய 'வியன்னா வால்ட்ஸ்' 1814-இன் வியன்னா மாநாட்டில் நடக்கிறது. ஐரோப்பாவைப் பங்குபோட அரசர்களும் மந்திரிகளும் கூடிய அந்த மாநாட்டில் நிஜமாகவே நடந்தது என்ன தெரியுமா? ஆஸ்திரியப் போலீஸ் தலைவர் பாரன் ஹேகரின் ஆட்கள் வேலைக்காரப் பெண்களுக்கும் கணப்பு மூட்டுகிறவர்களுக்கும் காசு கொடுத்து, குப்பைக் கூடையில் கிழித்துப் போட்ட தாள்களையும் அரைகுறையாக எரிந்த கடிதங்களையும் பொறுக்கி வாங்கி, ஒட்டிப் படித்து, சக்கரவர்த்திக்கு அறிக்கை அனுப்பினார்கள். இந்தப் பின்னணியே ஒரு நாவலுக்குச் சமம். 'இம்பீரியல் ஸ்கேண்டல்' வாட்டர்லூவுக்கு முந்தின நாட்களில் நடப்பது. 1815 ஜூன் 15 ராத்திரி பிரஸ்ஸல்ஸில் ரிச்மண்ட் சீமாட்டி நடத்திய நடன விருந்தின் நடுவே நெப்போலியன் வருகிறான் என்ற சேதி வர, அதிகாரிகள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போர்க்களத்துக்குப் போனது சரித்திரம். அந்த ராத்திரியை ஒரு தம்பதியின் கண் வழியாகப் பார்க்கிற வாய்ப்புக்காகவே அதையும் படிக்கலாம். ஆனால் இவை இரண்டாவது சுற்றுக்கு.

வெல்லிங்டன் பெயர் வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கொங்கு நாட்டில் உட்கார்ந்து இந்தக் கதைகளைப் படிக்கிறவருக்கு, லண்டன்காரர் படிக்கும்போது வராத ஒரு நினைப்பு வரும். ஆர்தர் வெல்லெஸ்லி என்ற அந்த ஆள் வெல்லிங்டன் ஆவதற்கு முன் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோட்டை விழுந்தபோது படையில் இருந்தவர். கோட்டை பிடிபட்டபின் அதன் பொறுப்பையும் ஏற்றவர். அந்தத் தோல்வியோடுதான் கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிற்று. பெர்சி பிளேக்னி பிரபுக்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகக் கதை சொல்லும் அதே 1792-இல், இங்கே திப்புவோடு செய்த உடன்படிக்கையில் சேலம், சங்ககிரிப் பக்கம் கம்பெனிக்குப் போய்விட்டது. ஈரோட்டுப் பக்கம் திப்புவிடமே இருந்தது. ஏறத்தாழ ஏழு வருஷம் நம் காவிரி இரண்டு அரசுகளுக்கு எல்லையாக ஓடியிருக்கிறது. இக்கரையில் பெண் எடுத்தவர் அக்கரையில் இருந்திருப்பார். அக்கரைப் பக்கத்தை நிர்வகிக்கக் கம்பெனி அனுப்பிய அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் அதற்கு முன் கம்பெனியின் உளவுத் துறையில் இருந்தவர்கள். கலெக்டர் மன்றோ என்று நாம் பாடத்தில் படித்த அதே மன்றோதான்.

தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. அவரிடம் இருந்த சமையல்காரரே காட்டிக்கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதே வருஷம் அக்டோபரில், நெல்சன் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற டிராஃபல்கர் கடற்போர். ஆங்கிலக் காதல் நாவல்களில் 1805 என்றால் நெல்சன், வெற்றி விழா, லண்டனில் வெடிச் சத்தம். ஆடிப்பெருக்கன்று சின்னமலையை நினைத்து அவருடைய ஓடாநிலைக்குப் போய்வருகிற குடும்பத்துப் பெண்ணுக்கு 1805 வேறு. அதனால் படிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டிஷ் ஒற்றனை நாயகனாக வைத்த கதையைப் படிக்கும்போது, அவன் விசுவாசமாக இருக்கிற அந்த அரசு நம் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் கூடவே நினைப்பில் இருக்கட்டும். மெலனியை எனக்குக் கூடுதலாகப் பிடித்ததற்கு இதுவும் காரணம்; அந்த அரசின் எதிர்ப்பக்கத்தில் நின்று, ஏன் நின்றாள் என்று சொல்ல அவளுக்குக் கதையில் இடம் இருக்கிறது. சங்ககிரிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, அந்த ஏழு வருஷத்தில், ஆற்றின் இரண்டு பக்கத்துக்கும் சேதி கடத்துகிற ஒரு புருஷன் பெண்டாட்டியை வைத்து நம்மவர் யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். பரிசல், சந்தை, குலசாமி கோயில் விருந்து என்று ஒற்றுவேலைக்கு வேண்டிய எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது.

இனி பொன்னியின் செல்வன். 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து ஐந்து பாகமாக நிற்கிற கதை. ஒற்றர்களுக்குப் பஞ்சமே இல்லை: முதன்மந்திரி அநிருத்தரின் ஆள் ஆழ்வார்க்கடியான், பாண்டிய மன்னனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகளில் ஒருவன் ரவிதாஸன், சேதி கொண்டுபோய் ஒற்றனாகவே மாறிவிடும் வந்தியத்தேவன். ஆனால் கல்யாணமான ஒற்றர் என்ற கண்ணோடு பார்த்தால் ஒரே ஒரு வீடுதான் தெரியும்: பழுவூர் அரண்மனை. உடம்பில் 64 விழுப்புண் தாங்கிய பெரிய பழுவேட்டரையர், வயதான காலத்தில் கைப்பிடித்த நந்தினி. அவள் அந்த வீட்டுக்குள் வந்ததே பழிவாங்கும் திட்டத்தோடு. அவருடைய பனை இலச்சினை மோதிரத்தை வந்தியத்தேவன் கையில் கொடுத்து அனுப்புகிறாள். சோழநாட்டின் தனாதிகாரியுடைய அதிகாரம் முழுக்க அவருக்கே தெரியாமல் அவள் விரல் நுனியில் இருக்கிறது.

நங்கையா, மறுவாசிப்பு என்றால் இந்தக் கண்ணோடு படிச்சுப் பாருங்க என்றுதான் சொன்னேன். முன்பு வந்தியத்தேவன் குதிரை பின்னால் ஓடிய மனசு இந்தத் தடவை பழுவேட்டரையரிடம் நிற்கும். நாடே நடுங்கும் ஒரு கிழவர், வீட்டுக்குள் வந்ததும் தன் பெண்டாட்டி சொல்வதையெல்லாம் நம்ப ஆசைப்படுகிறார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணங்கள் கிடைக்கின்றன, தம்பியே எச்சரிக்கிறார். அவர் வேண்டாம் என்று தள்ளுகிறார். உண்மை காதில் விழுந்த பிறகு அவர் படுகிற பாடு இருக்கிறதே, பிம்பர்னெலின் படிக்கட்டு முத்தத்தைவிட அது எனக்குப் பெரிசு.

ஆனாலும் ஒரு குறை மனசில் நிற்கிறது. கல்கி நந்தினியின் கோபத்துக்குக் காரணம் தருகிறார், அவளுக்காகக் கொஞ்சம் இரங்கவும் வைக்கிறார். கல்யாணத்துக்குள் அவள் என்ன உணர்ந்தாள் என்று மட்டும் நம்மைக் கிட்டே விடுவதில்லை. அவளைப் பார்த்து ஆண்கள் மயங்குகிற மயக்கம்தான் பக்கம் பக்கமாக வருகிறது. கதையில் காதல் என்ற பெயருக்கு உரியது வந்தியத்தேவன், குந்தவை கணக்கில் போய்விட்டது; பழுவூர்த் தம்பதிக்குச் சதி மட்டும்தான். ஆகவே கல்யாணமும் காதலும் ஒற்றும் மூன்றும் சேர்ந்து வேண்டும் என்று கேட்கிறவருக்கு இது முக்கால் பங்குதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மலிவுப் பதிப்பும் உண்டு, இணையத்திலும் உண்டு. சினிமா இரண்டு பாகம் பார்த்துவிட்டேன், அது போதும் என்கிறவர்களுக்கு: பழுவேட்டரையர் வீட்டுக் கதை புத்தகத்தில்தான் முழுசாக இருக்கிறது.

சாண்டில்யனைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 'கடல் புறா'வில் கருணாகரத் தொண்டைமானோடு கடலில் போகிற சுகம் வேறெங்கும் கிடைக்காது. ஒற்றர், மாறுவேடம், சுரங்க வழி எல்லாம் தாராளம். ஆனால் காதல் அங்கே வர்ணனைக்கும் ஊடலுக்கும் உரியது. குடித்தனம் நடத்திப் பழகிய இருவர் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிற கதை அவர் எடுத்துக்கொண்ட களம் இல்லை. அதைத் தேடி அங்கே போக வேண்டாம்.

அப்போ நங்கையாவுக்கு எது? ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லாதவர், ஆனால் கதை ருசி தெரிந்தவர். முதலில் பிம்பர்னெல் என்றேன். காசு செலவில்லை, சின்ன அத்தியாயம், பாத்திரங்கள் கம்மி, சாண்டில்யன் ருசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் பத்து அத்தியாயம் தாண்டியும் மனசு ஒட்டவில்லை என்றால் இந்த வகையே அவருக்கு இல்லை. கல்கிக்குத் திரும்பி நந்தினியோடு உட்காரலாம். ஒட்டிவிட்டது என்றால், மார்கரீட் ஏன் இப்படிக் கடைசியில் சும்மா நிற்கிறாள் என்று அவருக்கே எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு மெலனியிடம் போவதுதான் சரியான வரிசை. ஆங்கிலம் சரளமாக வரும், ஒரே புத்தகத்துக்குத்தான் நேரம் என்கிறவர்கள் பிம்பர்னெலைத் தாண்டி நேராக 'டாட்டர் ஆஃப் த கேம்' எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ஒற்று, அவரும் ஒற்று, இருவருக்கும் சம புத்தி, சம குற்றம். இந்த வகையில் வேறு எதைப் படித்தாலும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கத் தோன்றும்.

வாங்கும்போது மட்டும் கவனம். இந்தப் புத்தகமே 2007-இல் 'சீக்ரெட்ஸ் ஆஃப் எ லேடி' என்ற பெயரில் மறுபதிப்பு வந்தது. இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துக் காசு கொடுத்துவிட வேண்டாம். 'வியன்னா வால்ட்ஸ்', 'இம்பீரியல் ஸ்கேண்டல்' இரண்டிலும் அட்டையில் டெரசா கிராண்ட் என்று போட்டிருக்கும், அவரேதான் இவர். அந்தக் கதைகளில் தம்பதிக்கு மால்கம், சுசான் ரானக் என்று பெயர். சார்லஸ், மெலனிக்கு வேறு பெயர் சூட்டி மறுபடியும் எழுதியிருக்கிறார். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு இவற்றை எடுத்தால் மனைவியின் ரகசியம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கணவனுக்கு அது எப்போது தெரியவரும் என்று காத்திருக்கிற படபடப்போடு படிக்கலாம்.